உள்பக்கம் அடுத்த ஞாயிறு

பங்குனி ஞாயிறு, காலை ஆறு மணி.
நைட் ஷிப்ட் முடித்த சபேசனை
சிப்காட் பஸ் முனையில் இறக்கிவிட
இன்னும் இரண்டு மணி நேரம்.
மிருதுளாவுக்கு ஒன்பதுக்கு டியூஷன்.
எனக்குத் தபாலாபீஸ் நாளைக்குத்தான்.
எல்லார் கையும் ஒன்றாய்ச் சும்மா இருப்பது
எங்கள் வீட்டில் கொசுமருந்து வண்டி மாதிரி:
வந்தால் வந்ததுதான்.

பிரிட்ஜ் கதவில், தை மாதம் ஒட்டிய காகிதம்.
கொசுவலை. டேங்க் மூடி. கொடிக்கம்பி.
கேட்டுக்குப் பெயின்ட்.
அதற்கும் கீழே கபிலேஷ் கையெழுத்தில்
நாய்.
அது வேலை இல்லை, கோரிக்கை.

சின்னதிலிருந்து தொடங்கலாம் என்றேன்.
கொசுவலைக்கு வெல்க்ரோ ஒட்டப் பத்து நிமிடம்.
கத்தரிக்கோலைத் தேட இருபது.
கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.
யார் வைத்தது என்று கேட்டால்
வீடே ஊமை.

கைப்பிடி போன குக்கர் மூடியை
மதில்மேல் மல்லாத்தித் தண்ணீர் ஊற்றினோம்.
காக்கா வந்தது. ஒரு வாய் குடித்தது.
எங்கிருந்தோ தூக்கிவந்த வடைத்துண்டை
அதிலேயே ஊறப்போட்டுவிட்டுப் பறந்தது.
அதுக்கும் சண்டேம்மா, என்றான் கபிலேஷ்.

பிறகு கேட்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
நேராக வந்து நிற்கும் தெரு எங்களுடையது.
இங்கே இரும்பை வாங்குவது
உப்புக்குக் குத்தகை விடுவது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்பு தின்ற இரும்பு
ஞாயிற்றுக்கிழமையைக் குடிக்கிறது.
மிருதுளாவின் புருவம் செம்பட்டையாகிவிட்டது.

லாரன்ஸ் ரோடு கடையில் கடல் நீலம் என்று தந்தார்கள்.
மூடியைத் திறந்தால் பள்ளிக்கூடப் பாவாடை நீலம்.
கம்பெனிக்காரன் கடலைப் பார்த்ததில்லை போல.

கம்பி கம்பியாக இழுத்துக்கொண்டு வருகையில்
பக்கத்து மனை வேம்பு
யாரையும் கேட்காமல் தன் வேலையை ஆரம்பித்தது.
ஈரப் பெயின்டில் பூ. பூவின்மேல் பூ.
கபிலேஷ் ஒவ்வொன்றாய் நகத்தால் எடுத்தான்.
எடுத்த இடத்தில் விரல்தடம்,
விரல்தடத்தில் இன்னொரு பூ.
விட்டுடு, என்றேன்.
வருஷப்பிறப்புப் பச்சடிக்கு
கேட்டைச் சுரண்டினால் போதும்.

சபேசன் வந்தார்.
இரவெல்லாம் கெமிக்கலில் ஊறிய மூக்குக்கு
பெயின்ட் வாசனை ஒரு பொருட்டா?
பழக்கத்தில் கொக்கியைத் தள்ளி உள்ளே வந்து
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
நீலம்.
பிள்ளைகள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால்.
அவர் டிபன் பையைக் கீழே வைத்தார்.
பிரஷ்ஷை வாங்கி, கண் பாதி மூடியபடி,
கொக்கியை மறுபடி பூசினார்.
பிறகு அடிக்கம்பி மூன்றையும்,
இடுப்பு பிடிக்குமே என்று நான் விட்டுவைத்தவற்றை,
குத்துக்காலிட்டு, ஒரு வார்த்தை பேசாமல்.
காபியை மதில்மேல் வைத்தேன்.
காக்கா பார்த்தது.

எட்டே முக்காலுக்கு மிருதுளா
கேட்டை முழங்காலால் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்,
பாவாடையில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு.
அதே நீலம், தெரியவில்லை.
வெயில் ஏறிவிட்டது.
டப்பாவில் மிச்சம் கால்வாசி.
கேட்டில் மிச்சம் ஒரு முழுப் பக்கம்.

எதிர்வீட்டு ஹமீதா அக்கா பால் பாக்கெட்டோடு நின்றாள்.
கேட்டு புதுசா?
ஆமாக்கா.
தெருவுக்குப் புதுசு.
எங்களுக்கு, இந்தப் பக்கம் நின்று பார்த்தால்
பழைய பச்சை, பச்சைக்கடியில் துரு.

பிரிட்ஜ் காகிதத்தில் பெயின்ட் என்ற சொல்லைப்
பாதி மட்டும் அடித்தேன்.
நாய் அப்படியே இருக்கிறது.
உள்ளறையில் அவர் தூங்குகிறார்,
வலது கையை மல்லாத்தி, கட்டிலுக்கு வெளியே நீட்டி,
தலையணை உறையில் படாமல்.