மசகு துடைக்கும் தாள்

வால்பரைசோவில் குன்றேறும் பெட்டி ஒன்று.
நூற்றிப் பத்து வயது. ஏற எண்பது நொடி.
மேல் நிலையத்தில் சீட்டுக் கிழிப்பவள் நோல்ஃபா.
சுவருக்கு அந்தப் பக்கம்,
சக்கர அறையில், மசகோடு நான்.

பெட்டி இறங்கி ஏறும் இடைவெளியில் எழுதுவாள்,
நின்றுகொண்டே,
சீட்டுச் சுருளில் மிஞ்சும் வால்தாளில்.
உட்கார்ந்தால் வாக்கியம் குண்டாகிவிடுகிறதாம்.
சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் எழுதமாட்டாள்.
பெயர்களை இரங்கல் பத்தியிலிருந்து எடுப்பாள்,
முதலெழுத்தை மட்டும் மாற்றி.
"அவர்கள் வழக்குப் போட வரமாட்டார்கள்" என்பாள்.

பிடிக்காததைக் கசக்கி
என் கந்தல் வாளியில் எறிவாள்.
நல்ல தாள். மசகை உறிஞ்சும்.
பல்சக்கரத்தைத் துடைப்பதற்கு முன்
படித்துவிடுவேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மூன்று வருடம்
எல்லாக் கதையும் மூடுபனியில் தொடங்கியது.
கடல் என்றால் முடிவற்ற கடல்.
பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று அடைமொழி,
சவப்பெட்டிக்கு முன்னால் பேண்டு வாத்தியம் மாதிரி.
வாக்கியங்கள் எச்சமாகவே நீளும்:
எழுந்து, நடந்து, நின்று, நினைத்து, பெருமூச்செறிந்து,
பாதி மேட்டில் வடம் சிக்கிய பெட்டிபோல
முற்று வந்து சேரவே சேராது.
கடைசிப் பத்தியில் எவனாவது செத்துப்போவான்.
ஒருமுறை
விந்தி விந்தி நடக்கும் மெக்கானிக் செத்தான்.
என் இடது காலை ஒருதரம் குனிந்து பார்த்தேன்.
பிறகு அவனை வைத்தே சக்கரத்தைத் துடைத்தேன்.

அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்க
வாளியில் தாளே விழவில்லை.
காசு கொடுத்துத் துணி வாங்கினேன்.
கேட்டதற்கு, "காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.
எண்பது நொடிப் பேச்சுகளை
அப்படியே குறித்துக்கொண்டிருந்தாள்:
கோழி விலை. கூரை ஒழுகல்.
ஒரு சிறுவன், "நான் இறங்கினதும் நீ அழலாம், அம்மா."

மறுபடி தாள் விழுந்தபோது
எழுத்து மெலிந்திருந்தது.
நிஜ மூடுபனி
கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற காலையிலும்
கதைக்குள் அதைக் காணோம்.
ஒருத்தி கடன்காரனுக்குக் கதவு திறக்கிறாள்.
"இவ்வளவு படி ஏறி வந்தீர்கள்,
முதலில் தண்ணீர் குடியுங்கள்."
அவ்வளவுதான். ஒருவரும் சாகவில்லை.
அந்தத் தாளை வாளியிலிருந்து எடுத்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கைக்குட்டையோடு அது வெளியே விழுந்தது.
கையும் களவுமாகப் பிடிபட்டேன்.
"எத்தனை வருடமாக?"
"மூடுபனிக் காலத்திலிருந்து."
அவள் காது சிவந்தது.
பெட்டி ஒருமுறை போய் வந்தது.
"நன்றாகத்தானே இருந்தது, ஏன் எறிந்தாய்?" என்றேன்.
"அவன் தாகத்தைவிட
நான் கொடுத்த தண்ணீர் பெரிதாகத் தெரிந்தது" என்றாள்.
எனக்கு அன்று புரியவில்லை.
இன்றும் முழுசாகப் புரிந்ததாகச் சொல்லமாட்டேன்.

பதினோரு வருடமாயிற்று. எதுவும் அச்சேறவில்லை.
மீனவர் சங்கப் போட்டியில் மூன்றாம் பரிசு,
ஒரு மின்கெண்டி.
எங்கள் இருவருக்கும் அதில்தான் தேநீர்.

போன வெள்ளிக்கிழமை
கசக்காத தாள் ஒன்றைச் சுவர் ஓட்டையில் நீட்டினாள்.
அதில் மெக்கானிக் உயிரோடு இருந்தான்.
காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை,
ஆனால் ஏணியில் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுவான் என்று
சரியாக எழுதியிருந்தாள்.
"தாளைப் படிக்காமல் சக்கரத்தைத் துடைத்தான்"
என்று ஒரு வரி.
"இது பொய்" என்றேன். "படிப்பான்."
"தெரியும். படித்தால் அவன் நீயாகிவிடுவாய்."
கீழே மணி அடித்தது.
நான்கு பேர், ஒரு நாய், கயிறு கட்டிய மெத்தை ஒன்று.
எல்லாரையும் அனுப்பிவிட்டு வந்து
'படிக்காமல்' என்பதை மட்டும் அடித்தாள்.

மேலே வேறு சொல் எழுதவில்லை.
இன்றைக்கும் அந்த இடம் காலிதான்.
பென்சில் காதிலேயே இருக்கிறது, வாளியில் ஒன்றும் விழவில்லை,
மூன்றாம் சக்கரம் கிரீச்சிடுகிறது.
நாளைக்குத் துணி வாங்கவேண்டும்.