அடுத்த கேள்வி

வியாழன் மாலைகளில் பிர்னோ நகரத்தில்
அறிவு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும்.
ஐந்தரைக்குக் கண்காட்சியைச் சுற்றிக் காட்டுவார்கள்,
ஏழுக்குச் சொற்பொழிவு,
முடிந்தபின் அரைக் குவளை வெள்ளை ஒயின்.
என் வேலை
மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது.

இருபத்திரண்டு வரிசை. நடுவில் ஒரு தூண்.
தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குத்தான்
எப்போதும் நிறையச் சொல்ல இருக்கும்.

பெஷினாவை எனக்கு முழங்கையிலேயே தெரியும்.
அதுதான் முதலில் எழும், கை பின்னால் வரும்.
"இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்கி
பாலம் கட்டிய கதை, பாலம் இடிந்த கதை,
பாலத்தின் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துப்பிழை.
அவரிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவது
கன்றின் வாயிலிருந்து மடியை விடுவிப்பதுபோல.

அன்றைக்கு டிராம் நிறுத்தங்களின் படங்கள்.
ஒரு தபால் ஊழியர் விடுமுறைகளில் எடுத்தவை,
அவர் இறந்தபின் அட்டைப்பெட்டியோடு ஏலத்துக்கு வந்தவை.
சுற்றிக் காட்டியவள் ஹெத்விகா.
பின்னோக்கி நடந்தபடியே பேசுவாள்,
எதிலும் இடித்துக்கொண்டதில்லை.
பதினேழாம் படத்தருகே கூட்டத்தை நிறுத்தினாள்.

"பெயர் தெரியாத பெண், 1971."
பனி. நரித்தோல் காலர் வைத்த கோட்டு.
டிராம் இடப்பக்கம் வருகிறது,
அவள் வலப்பக்கம் பார்க்கிறாள்.
"இந்தக் காலர் பேசுகிறது" என்றாள் ஹெத்விகா,
"வசதியான வீடு, யாரோ அதிகாரியின் மனைவி.
கூட்டத்தில் நின்றும் கூட்டத்தில் சேராதவள்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
அந்தக் காலர் பேசி
ஆறு வியாழனாக நான் கேட்கிறேன்.

ஏழு மணிக்கு அதே பெண் சுவரளவு திரையில்.
ஒலொமோட்சிலிருந்து வந்த பேராசிரியர்
'தனிமை' என்ற சொல்லை முப்பத்தொரு தடவை சொன்னார்
(எண்ணுவேன், வேறென்ன செய்ய).
பிறகு, "கேள்விகள்?"

அந்த முதல் மௌனம் எனக்குப் பிடிக்கும்.
அவையே குனிந்து தன் காலணிகளைப் பார்க்கும்.
பெஷினாவின் முழங்கை எழுந்தது.
பத்தொன்பதாம் வரிசையில்
மழை விட்டதா என்று பார்ப்பதுபோல்
ஒரு உள்ளங்கையும் எழுந்தது.
நான் பத்தொன்பதுக்குப் போனேன்.

குட்டை முடி, மடியில் சைக்கிள் ஹெல்மெட்.
மைக்கை வாயிலிருந்து தள்ளியே பிடித்தார்.
"அந்தக் கோட்டு என்னுடையதில்லை."

ஒருவர் இருமலைப் பாதியில் நிறுத்தினார்.

"மேல்மாடி விளாஸ்தாவுடையது. ஒரு நாளைக்கு இரவல்.
என் கோட்டில் பொத்தான் இல்லை,
அன்றைக்கு வேலை கேட்டுப் போகவேண்டியிருந்தது.
டிராமுக்காக நிற்கவில்லை, காசு ஏது.
காற்றுக்கு ஒதுங்கினேன்.
வலப்பக்கம் ரொட்டிக் கடை."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
"வேலை கிடைத்ததா?"

"காலரைப் பார்த்தார்கள்.
உங்களுக்கெல்லாம் வேலை எதற்கு என்றார்கள்."

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி
ஆறாம் வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துபோனது.
கதவருகே நின்ற ஹெத்விகா பேனாவைத் திறந்தாள்:
உங்கள் பெயரைச் சொன்னால் மாற்றிவிடுகிறோம்.
அவர் யோசித்தார்.
"விளாஸ்தா பெயரைப் போடுங்கள்.
படத்தில் முக்கால்வாசி அவள் கோட்டுதானே."

மைக்கை வாங்கிக்கொண்டு தூணைச் சுற்றி ஓடினேன்.
பெஷினா எழுந்து நின்றார்.
பாலம் வரும் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம்.
"எனக்கு ஒரு கேள்வி," என்றார்,
"உங்கள் கோட்டின் பொத்தான்கள் என்னவாயின?"

பதில் வந்தது.
மைக் பெஷினா கையில் இருந்தது,
அவர் அதைக் கொடுக்க மறந்து நின்றார்.
ஒலிப்பதிவில் அந்த இடம்
வெறும் நாற்காலிச் சத்தம்.
பின்வரிசைக்காரர்கள் என்ன, என்ன என்றார்கள்.

பாதி வழியில் நின்ற எனக்குக் கேட்டது.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
வெற்றுக் கையோடு நின்றேன், பிறகு
ஒயின் குவளைகளை எடுத்துவைக்கப் போனேன்.