இடப்பக்கக் கதவு

கூத்தாநல்லூர் நிஜாமுதீன் கடை வாசலில்
சாண்ட்ரோவின் கதவட்டையைக் கழற்றியதும்
முதலில் உதிர்ந்தது விதைநெல்.
அப்புறம், வெள்ளம் புகுந்த வருஷத்து வண்டல்,
தகரத்தில் ஒரு கோடாக.

கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு
அவர் விரல் பட்டு அப்பளமாய் நொறுங்கியது.
"வலதுல கொஞ்சம் உசுரு இருக்கு சார்.
இது போயி பத்து வருஷமாவது ஆயிருக்கும்."

பத்து வருஷம்
நான் ஸ்டியரிங்கில் தாளம் போட
இந்தப் பக்கம் மங்கையர்க்கரசி
வயலைப் பார்த்துக்கொண்டே வருவாள்.
பாட்டுன்னா ஆகாது அவளுக்கு என்று
அவள் தங்கை கல்யாணத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆறரை அங்குலம், ஒரு ஜோடி.
துளை பொருந்தவில்லை.
பிளைவுட்டில் வளையம் அறுத்து
பழைய வயரையே சுரண்டி முறுக்கி
மூவாயிரத்து இருநூறு. செட் அதே செட்தான்,
மணி மட்டும் எப்போதும்போல் தப்பாகக் காட்டுகிறது.

நீடாமங்கலம் கேட்டில் நின்றோம்.
சரக்கு ரயில், பெட்டி பெட்டியாய், தீரவே இல்லை.
இடப்பக்கத்திலிருந்து ஒரு வயலின் கிளம்பியது,
எனக்கு மனப்பாடமான பாட்டில்
நான் கேட்டே இராத வயலின்.

அவள் கை செட்டை நோக்கி நீண்டது.
குறைக்கத்தான் என்று நினைத்தேன்.
குமிழைத் தொட்டபடி கேட்டாள்:
"இது எப்ப வந்த பாட்டு?"