இருபத்திரண்டு மைல்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்
மூன்று புள்ளிக் கோட்டின்மேல் என் மேசை.
மினசோட்டாவின் வடக்கு, நவம்பர்.
பூட்சுகளில் ஒட்டிவந்த பனி
கதவருகே கறுப்புத் தண்ணீராய்க் கிடக்கிறது.
பெயர், முகவரி, கையெழுத்து.
பதினோராவது தேர்தலாக
இதே மூன்றைத்தான் கேட்கிறேன்.

முதலில் வந்தவர் டோய்வோ நியமெலா.
இரும்புச் சுரங்கத்தின் கடைசி ஷிப்டில் இருந்தவர்.
நாலு வருஷத்துக்கு முன்
அதிபரின் பெயரைக் கேட்டாலே
துப்புவதற்கு இடம் தேடியவர்.
இன்று சீட்டோடு மறைப்புக்குள் போனவர்
மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல்
வெளியே வந்துவிட்டார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கேட்பது சட்டப்படி குற்றம்.

பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
மூன்றாம் தூணில் விரிசல் விட்டு
இரண்டு குளிர்காலமாக மூடிக் கிடக்கிறது.
பள்ளிப் பேருந்து இருபத்திரண்டு மைல் சுற்றிப் போகிறது.
அர்லீன் ஸ்க்ராட்ஸ்கியின் பையன்
இருட்டில் ஏறி
இருட்டில் இறங்குகிறான்.
அவன் முகத்தைப் பகலில் பார்க்க
சனிக்கிழமை வரவேண்டும்.

பணம் தலைநகரில் இருந்தது,
ஒரு மசோதாவுக்குள்.
அதிபர் கையெழுத்துப் போட்டால்
அவருக்குப் பேர் வந்துவிடுமாம்.
எதிர்க்கட்சிக்காரர்கள் அதன்மேல் ஏறி
உட்கார்ந்துகொண்டார்கள்.
எலிக்காக வீட்டைக் கொளுத்துகிறவர்களே,
கொளுத்துங்கள்,
உள்ளே நாங்கள் இருந்தோமே.

பிறகு அந்த விசாரணை.
கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம்.
அவர் இருமியதற்கு ஒரு குழு,
இருமாததற்கு ஒரு துணைக்குழு.
ஒன்பதாவது நாள்
லொரெய்ன் தன் கடையில்
பான்கேக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு
டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.
ஒருத்தரும் கூட்டச் சொல்லவில்லை.
ஊர் திரும்பியது
அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அவர் நல்லவர் என்று
இங்கே யாரும் சொல்லவில்லை.
சுரங்கத்தைத் திறப்பேன் என்றார்.
திறக்கவில்லை.
ஆனால் அந்தப் பொய்யை
இங்கே வந்து,
தொப்பி இல்லாமல் எங்கள் பனியில் நின்று,
காது சிவக்கச் சொன்னார்.
மற்றவர்கள் உண்மையைக்கூட
அங்கிருந்தே சொன்னார்கள்.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
இயந்திரம் நீள நாக்காய்க் காகிதத்தை நீட்டியது.
போன தடவை அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
இந்தத் தடவை முந்நூற்று எழுபத்தொன்று.
எதிர்க்கட்சியின் ஏஜெண்ட் வேட் ஹால்வர்சன்
இன்னொருமுறை எண்ணச் சொன்னான்.
எண்ணினோம்.
அதே முந்நூற்று எழுபத்தொன்று.

ஏழு சீட்டுகளில் மட்டும்,
வேறு பெயர் எழுத விட்டிருக்கும் கோட்டில்,
யாரோ 'பாலம்' என்று எழுதியிருந்தார்கள்.
பாலம் போட்டியிடவில்லை.
ஏழையும் தனி உறையில் போட்டு ஒட்டினேன்.
அதில் ஒரு கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.
சொல்லமாட்டேன்.

லொரெய்ன் கடையைத் திறந்தே வைத்திருந்தாள்.
பதினொன்றேகாலுக்கு அதிபர் திரையில் வந்தார்,
மனைவி, கொடிகள், ஈரமான கண்கள்.
மக்கள் தன்மேல் வைத்திருக்கும் அன்பு
இன்று நிரூபணமாகிவிட்டது என்றார்.
டோய்வோ காபியில் மூன்றாவது சர்க்கரையைப் போட்டார்.
லொரெய்ன் ரிமோட்டை எடுத்து
அவர் சத்தத்தையும் குறைத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே வேட்டின் கார் போனது.
அவன் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
சிக்னலில் நின்று,
பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பினான்,
பாலத்தை நோக்கி.
பிரேக் விளக்குகள் சிவந்தன.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.
பிறகு பின்னால் வந்து,
வண்டியைத் திருப்பிக்கொண்டு,
எங்கள் எல்லோரையும் போலச்
சுற்றிக்கொண்டு போனான்.