இடிவதற்கு மஞ்சள்

முதல் பருவம், மூன்றாவது வாரம்.
இருப்பதற்குச் சாம்பல்,
எழப்போவதற்குச் சிவப்பு,
இடிவதற்கு மஞ்சள்
என்று பலகையில் எழுதியிருந்தது.
ஏன் மஞ்சள் என்று எழுதியிருக்கவில்லை.

கொட்புஸ் போன்ற ஊரில்
ஆட்கள் குறைவதற்கும் ஒரு திட்டம் வேண்டும்.
அதைப் படிக்கத்தான் வந்திருக்கிறோம்:
நான், தோரால்ஃப், யோர்டிஸ்,
எப்போதும் பென்சில் சீவிக்கொண்டிருக்கும் ஹுயென்.
வேறு ஊர்களுக்குப் படிக்கப் போன என் பள்ளிக் கூட்டாளிகள்
கோபுரம் கோபுரமாக வரைகிறார்களாம்.
எங்களுக்குக் கழித்தல் கணக்கு.

கிழக்கே, நிலக்கரி தோண்டிய குழியில்
ஏரி வரப்போகிறது என்றார்கள்.
தண்ணீர் வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே
வரைபடத்தில் நீலம் வந்து சேர்ந்துவிட்டது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.
படகுத்துறை இருந்தது.
படகைக் கட்ட இரும்பு வளையங்கள்கூட இருந்தன.
தண்ணீர் மட்டும்
கூப்பிட்டால் கேட்காத தூரத்தில்.

நவம்பரில் எண்ணும் வேலை.
டிராம் நிறுத்தத்தில்
ஏறுவோர், இறங்குவோர், சும்மா நிற்போர்.
தலைக்கு ஒரு கோடு; ஐந்தாவது கோடு குறுக்கே.
ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர், ஒரு நாய்.
நாய்க்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குளிரில் விறைத்துப்போன தோரால்ஃப்
என்னையும் சேர்த்து எண்ணிவிட்டான்.
பன்னிரண்டு என்று அறிக்கையில் ஏறிவிட்டது.
இன்றைக்கும் அங்கே நான் ஒரு புள்ளிவிவரம்.

எங்கள் குழுவுக்கு வந்தது தெற்குக் குடியிருப்பு.
ஒன்றுக்கு ஐநூறு அளவில்
மேசை முழுக்க விரிந்து கிடந்தது.
பதினேழாம் எண் கட்டடம்: ஆறு மாடி,
லிஃப்ட் கிடையாது, நூற்றுக்கு நாற்பது வீடு காலி.
வெப்பக் குழாய்களை என்ன செய்வது,
மேல் மாடிகளை மட்டும் கழற்றினால் என்ன,
மரம் நட்டால் யார் தண்ணீர் விடுவது
என்று பேச்சை வளர்த்துக்கொண்டே இருந்தோம்.
மஞ்சள் பென்சிலை யாரும் தொடவில்லை.

ஹுயென் எடுத்தாள்.
ஓரத்திலிருந்து உள்ளே,
கோட்டைத் தாண்டாமல்,
ஒரே பக்கம் சாய்த்து.
மூன்றாவது வாசலருகில் அழுத்தம் கொஞ்சம் கூடியது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"அஞ்சாவது மாடி. பதினெட்டு வருஷம்.
அரிசி மூட்டையைத் தோளில் போட்டு அம்மா ஏறுவாள்.
மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குவாள்.
மூச்சு வாங்குவது தெரியக்கூடாதென்று
என்னிடம் வாய்ப்பாடு கேட்பாள்.
இடிக்கட்டும்."

பென்சிலை மறுபடி சீவினாள்.
யோர்டிஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்;
திறக்க ஒரு காரணமும் இல்லை.

மதிப்பெண் மோசமில்லை.
ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு:
மக்கள் நடமாட்டம் போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஐந்தாம் பருவத்தில் கட்டடம் போய்விட்டது.
எங்களால் அல்ல. எங்கள் தாள்
அலமாரியின் மேல் சுருண்டு கிடந்தது.
நகராட்சியிடம் சொந்தமாக மஞ்சள் இருந்தது.

புல் விதைத்திருந்தார்கள்; ஜனவரியில்
அதன்மேல் பனி விழுந்தது.
டிராமில் இறங்கிக் கடைக்குப் போனவர்களின்
ஒற்றையடித் தடம் பளிச்சென்று தெரிந்தது.
நேரே போனால் அரை நிமிடம்.
தடம் நேரே போகவில்லை.
இல்லாத சுவரை ஒட்டி நடந்து
இல்லாத மூலையில் திரும்பி
இல்லாத குப்பைத் தொட்டிகளுக்கு வழிவிட்டு
சுற்றிக்கொண்டு போயிருந்தது.

ஊரே அப்படித்தான் நடந்திருக்கிறது.
அந்த நாயும்.

நான் நோட்டைத் திறந்துவைத்து நின்றேன்,
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று.
ஹுயென் அளவுநாடாவின் நுனியை என் கையில் திணித்தாள்.
பனியில் இறங்கி,
சுவர், சமையலறை, மாடிப்படி
எல்லாவற்றின் ஊடாகவும் நேரே நடந்தாள்.
அந்தக் கரையில் நின்று, மூச்சு வாங்காமல் கத்தினாள்:

"இருபத்திமூணு மீட்டர். எழுதிக்கோ."