ஐந்தாவது பை

மசேருவில் நாங்கள் தைக்கும் ஜீன்ஸில்
வலப்பக்கப் பைக்குள் ஒரு குட்டிப் பை இருக்கும்.
இரண்டு விரல் நுழையும், மூன்றாவது நுழையாது.
நாளொன்றுக்கு எழுநூறு.
ஒன்பது வருடமாக என் வேலை அதுதான்.

எதற்கு இது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.
அந்தக் காலத்தில் கடிகாரம் வைக்க, என்றார்.
இப்போது?
இப்போது சும்மா.
ஒரு சும்மாவுக்கு எழுநூறு முறை குனிகிறேன்.

எங்கள் கூடத்தில் சட்டம் ஒன்று உண்டு.
ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைத்தாக வேண்டும்.
டேப் போட்டு நோட்டில் ஒட்டி
கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி.
எள்ளளவு குறைந்தாலும் வரிசை நிற்கும்,
காந்தம் வரும்,
மேசைக்கடியில் முழங்கால் போட்டு நாற்பது பெண்கள் தவழ்வோம்.
"கிடைக்கவில்லை" என்பது
எங்கள் வாயில் வரவே கூடாத சொல்.

சம்பள வெள்ளியில் சோதனை வேன் வாசலுக்கு வந்தது.
விரலில் குத்துவார்களாம் என்று
மோட்சேவ்வா நடுங்கினாள்.
நகத்தோடு ஊசி இறங்கிய விரலை
அவளிடம் காட்டிச் சிரித்துவிட்டு
நான்தான் முதலில் ஏறினேன்.

இரண்டு கோடு.
இரட்டைத் தையல் என்றால் உறுதி
என்றுதான் எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள்.
மறுபடி சோதித்தார்கள்.
உறுதிதான்.

மொகெட்சியிடம் சொன்னேன்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
விடிகாலை நாலு மணிக்கு, ஜூன் மாதப் பனியில்,
தன் ஷேர் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
சுத்தமான வண்டியை.
கழுவி முடித்து, ஈரக் கையோடு
நானும் குத்திக்கொள்கிறேன் என்றான்.
அவனுக்கு ஒரு கோடு.
பிறகு சில மாதம்
வந்ததை அடக்க எனக்கொரு மாத்திரை
வராமல் தடுக்க அவனுக்கொரு மாத்திரை
ஒரே டம்ளர் தண்ணீர்,
யார் முதலில் என்று சண்டை.

வீட்டில் சரி.
பஸ்ஸில் டப்பா குலுங்கும்.
அந்தச் சத்தம் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை,
தெரிந்ததாகக் காட்டுபவரும் இல்லை.
பஞ்சு அடைத்தேன்.
இரவு ஷிப்ட் வந்தபோது அதுவும் உதவவில்லை;
வாசலில் பையைக் கொட்டித் தேடுவார்கள்.
ஒற்றை மாத்திரையைக் காகிதத்தில் மடித்து
நான் போட்டிருந்த ஜீன்ஸின் குட்டிப் பைக்குள் வைத்தேன்.
இடுப்பைத் தடவினார்கள், கணுக்காலைத் தடவினார்கள்.
அதற்குள் மட்டும் யாரும் விரல் விடவில்லை.
அது சும்மா அல்லவா.

ஆறு மாதம் கழித்து
இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து
நர்ஸ் மலெரத்தோ சொன்னாள்:
கிடைக்கவில்லை.
என் முழங்கால் தானாக மடிந்தது.
எது? எந்தத் துண்டு? எங்கே விழுந்தது?
அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.
வைரஸ், கெனெவே.
தேடினோம். எண்ணுகிற அளவுக்கு இல்லை.

போய்விட்டதா?
போகவில்லை. ஒடுங்கியிருக்கிறது,
மாத்திரையை விட்டால் எழும்பும்.
ஆனால் இப்படியே இருக்கும்வரை
நீ படுக்கையைப் பகிர்பவனுக்கு
உன்னிடமிருந்து இது போகாது.
என் புகானாவில்,
பிறந்தது முதல் என் நோய்களையெல்லாம் சுமக்கும் அந்த நோட்டில்,
தேதி போட்டு எழுதினாள்.
கையெழுத்தும் போடச் சொன்னேன்.
டேப் மட்டும் கேட்கவில்லை.

இன்று பக்கத்து மெஷினுக்கு லிசெபோ என்று
ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள்.
இது எதற்கு அக்கா என்றாள்,
குட்டிப் பைக்குள் சுண்டுவிரலை விட்டு.
கடிகாரம் வைக்க, என்றேன்.

எட்டு மணிக்கு
என் பைக்குள் இரண்டு விரல் விட்டேன்.
திரும்பிக்கொள்ளவில்லை.
காகிதத்தைப் பிரித்தேன்.
அவள் பார்த்தாள்.
தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

வெகு நேரம் கழித்து
நூலிடம் கேட்பதுபோல் கேட்டாள்:
அந்த வேன் இந்த வெள்ளி வருமா?

வரும், என்றேன்.
நீ மட்டும் வேண்டாம், நானும் வருகிறேன்.
தையலை நிறுத்தாதே,
இன்னும் இருநூற்றுப் பத்து பாக்கி.