எண்பது

மீட்டரின் ரப்பர் மூக்கை
பிளக் கழற்றிய துளையில் வைத்து முறுக்கினேன்.
த்ராட்டிலை முழுக்கத் திறந்தேன்.
பொறி பறக்காதிருக்க ஒயர் இரண்டையும்
எஞ்சின் உடம்போடு கவ்வி விட்டேன்.
ஐந்து இழுப்பு. கயிறு உள்ளங்கையைச் சுட்டது.
கீழ் சிலிண்டர் நூற்றுப் பதினைந்து.
மேல் சிலிண்டர் எண்பது.

நம்பாமல் இன்னொரு முறை.
எண்பது.
பள்ளியில் வாங்கியிருந்தால் அப்பா சைக்கிள் வாங்கித் தந்திருப்பார்.

இரண்டு வாரமாய் இப்படித்தான்.
தூண்டில்காரர் நால்வர் ஏறினால்
படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு
பின்புறம் அமிழ்ந்து கடலை உழுகிறது,
எழும்பி ஓடுவதில்லை.
"ரீமாவ் தீவைச் சுற்றி நீ விரட்டுகிற விரட்டுதான்" என்றேன் ஜம்ரியிடம்.
நேற்றும் சொன்னேன். முந்தாநாளும்.
அவன் கணவாயைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்,
இரைக்கு, ஒரே அளவில்.

துளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன்.
ஏறினால் ரிங் தேய்மானம் என்பார்கள்.
தொண்ணூற்றைந்துக்கு ஏறியது.
ஆனால் இந்தச் சிலிண்டர் படுத்துக் கிடப்பது.
எண்ணெய் ஒரு பக்கமே தேங்கும்,
பாதி சாட்சிதான் சொல்லும்.
ஹெட்டின் விளிம்பெல்லாம் சோப்பு நீர் தடவி
ஜம்ரியை இழுக்கச் சொன்னேன்.
ஒரு குமிழி இல்லை.
கேஸ்கட் மேல் பழி போட வழியில்லை.

தெலுக் கும்பாரில் ஐந்து மணி விமானம்
சக்கரம் விரித்துத் தலைக்கு மேல் இறங்கியது.
புகைவழி மூடியின் போல்ட்டுகளைத் தொட்டேன்.
உப்பு இறுக்கிய போல்ட்டுகள்.
ஒன்பதாவது கழுத்தோடு முறிந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று மலாயில் வந்தது,
இன்னொன்று ஹொக்கியனில்.

டார்ச்சை உள்ளே அடித்தேன்.
மேல் பிஸ்டனின் கன்னத்தில்
நெடுக நெடுகக் கீறல்,
பூனை நகம் தீட்டிய கதவு மாதிரி.
திருப்புளி நுனியால் ரிங்கை அழுத்தினேன்.
நல்ல ரிங் உள்ளே போய்த் துள்ளி வெளியே வரும்.
இது அசையவில்லை.
இழுபட்ட அலுமினியம் அதைப் பள்ளத்தோடு பூசியிருந்தது.
கீழ் பிஸ்டனிலும் கீறல், லேசாக.

தண்ணீர்த் தாரை நன்றாய்த்தான் வந்துகொண்டிருந்தது.
சூட்டால் வந்த காயமில்லை, வறட்சியால்.

கணக்கு நோட்டை எடுத்தேன். என் கையெழுத்து.
டாங்க்குக்கு இரண்டு கப் எண்ணெய்,
கப்புக்குக் கால் லிட்டர்.
நோன்புப் பெருநாளுக்குப் பின் பதினெட்டு டாங்க்.
ஒன்பது பாட்டில் வாங்கினேன்.
கணக்குப்படி அலமாரி காலியாக இருக்க வேண்டும்.
ஒன்பதாவது பாட்டிலின் அடியில்
ஒரு கப் எண்ணெய் நின்றது,
இருக்கக் கூடாத ஒரு கப்.

எந்த நாள் என்றும் தெரிந்துவிட்டது.
கப்பைக் கையில் பிடித்தபடி போனில் பேரம்.
பட்டர்வொர்த் ஆட்கள், ஆறு பேர்.
முப்பது ரிங்கிட் கூட்டி வாங்கினேன்.
ஜெயித்த சந்தோஷத்தில்
ஒன்று ஊற்றினேனா இரண்டா
என்று எண்ணவில்லை.
பிறையில் போர் அடித்து, புது பிஸ்டன் போட
எழுநூறாகும், கை கூலி சேர்க்காமல்.

ஜம்ரியிடம் எப்படித் தொடங்குவது?
"எண்ணெய் கலந்தது நான்" என்றேன், எடுத்த எடுப்பில்.

அவன் கத்தியைத் துடைத்து வைத்தான்.
"அந்த பட்டர்வொர்த் ஆட்கள் வந்த அன்றைக்கா, காக் தவம்?"
"ஆமாம்."
"அன்றைக்குப் புகையே வரவில்லை.
நல்ல எண்ணெயாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் என்று
வீட்டில்கூடச் சொன்னேன்."

டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
வெளிச்சம் சரியாய் அடுத்த போல்ட்டின் தலையில் விழுந்தது.
முதலில் துருநீக்கியை அடித்தோம்.
ஊறட்டும் என்று காத்திருந்தோம்,
இரண்டு பேரும், ஒன்றும் பேசாமல்,
பத்தாவது முறியக் கூடாதே என்று.